விரலில் மாட்டும் கிளிப்பை மட்டும் நம்பாதீர்கள், டாக்டர்

அமெரிக்காவில் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவை எமர்ஜென்சிக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். டெட்ராய்ட்டிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி, எழுபதைத் தாண்டியவர். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கிளிப்பை விரலில் மாட்டினார்கள், 94 காட்டியது. மூச்சு வாங்குகிறது என்று மூன்று தடவை சொன்னார். டாக்டர் திரையைப் பார்த்தார், பதற்றம்தான் என்றார், மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

விடிவதற்குள் ஆம்புலன்ஸில் திரும்பப் போனோம். அப்போதும் கிளிப் 93 என்றது. நல்லவேளை, அங்கிருந்த நர்ஸ் விடவில்லை. மணிக்கட்டில் தமனி ரத்தம் எடுத்துப் பார்த்தால் உண்மையான அளவு 85தான், ஆபத்தான குறைவு.

முதலில் பார்த்த டாக்டர் நம்மவர். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. கருந்தோலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பிசகும் என்று 1990லேயே ஆய்வு வந்தது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் கணக்கோடு காட்டினார்கள்: கிளிப் 92 முதல் 96 வரை காட்டும்போது உண்மையில் 88க்குக் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். 2021இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏவும் எச்சரித்தது. கருவியை எல்லா நிறத்தவரிடமும் சோதிக்கச் சொல்லும் வரைவு வழிகாட்டுதல் வர 2025 ஆனது. கருவி மாறும்வரை அந்த அம்மாவின் மூச்சு காத்திருக்குமா?

கறுப்பினத்தவரைப் பற்றி "அவங்க டாக்டரை நம்ப மாட்டாங்க" என்று நம் வீட்டு விருந்துகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களை, இடையில் பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசே வைத்துப் பார்த்ததே, அதற்குப் பிறகு எப்படி நம்புவார்கள்? வீடு வாங்கும்போது, அவர்கள் வாழும் பகுதி என்றால் 'அந்த ஏரியா வேண்டாம்' என்கிறோம். நம் டாக்டர்களுக்கு இந்நாட்டின் கதவைத் திறந்துவிட்ட 1965 குடியேற்றச் சட்டம், அவர்கள் தெருவில் இறங்கி அடிபட்டு சம உரிமை கேட்ட காலத்தில் வந்தது. இதை எந்த விருந்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். இரவு பகல் பாராமல் நீங்கள் உழைப்பது எனக்குத் தெரியும். கேட்பது ஒன்றுதான். கருந்தோல் உடையவர் மூச்சு முட்டுகிறது என்று சொன்னால், கிளிப் என்ன காட்டினாலும், வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு ஏபிஜி, அதாவது அந்த நர்ஸ் செய்த தமனி ரத்தப் பரிசோதனை, எடுத்துப் பாருங்கள். உங்கள் எமர்ஜென்சியில் இதை வழக்கமாக்க முடியுமா என்று தயவுசெய்து துறைத் தலைவரிடம் கேளுங்கள்.

அந்த அம்மா இப்போது வீட்டில் ஆக்ஸிஜனோடு இருக்கிறார். அடுத்த வாரம் செக்கப். நான்தான் கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
டெட்ராய்ட்டில் வாழும் ஒரு தமிழர்