பில்லிங் சாஃப்ட்வேர் சந்தா: நிறுத்த வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். கொஞ்ச காலமாக வரி சம்பந்தமில்லாத ஒரு விஷயத்துக்கும் என்னைத் தேடி வருகிறார்கள். கடையில் போட்ட பில்லிங் சாஃப்ட்வேரை நிறுத்த வேண்டும், கம்பெனிக்காரர்கள் நிறுத்த விடமாட்டேன் என்கிறார்கள், பேங்கில் பணம் பிடித்துவிட்டார்கள், என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.

விற்க வரும்போது எல்லாம் சுலபம்தான். டையும் பையுமாக ஒரு தம்பி பைக்கில் வந்து இறங்குவார். "ஒரு நாளைக்கு இருபது ரூபாய்கூட ஆகாது அண்ணா, ரெண்டு டீ காசு" என்பார். முதலாளியின் போனை வாங்கி, ஓடிபியை அவரே போட்டு, சந்தாப் பணத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் யுபிஐ ஆட்டோபேயையும் ஏற்றிக் கொடுத்துவிடுவார். இமெயில் கேட்டால் பல கடைக்காரர்களிடம் இருக்காது. அந்த இடத்திலேயே ஒன்றை உருவாக்கிப் போட்டுவிட்டுப் போவார். அதன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. சந்தாவைப் புதுப்பிக்கும் அறிவிப்பெல்லாம் அந்த இமெயிலுக்குத்தான் போகிறது.

எங்கள் பகுதி வியாபாரத்தில் பாதி மாம்பழத்தை நம்பியது. பெங்களூரா, நீலம், செந்தூரா என்று மண்டிகள் பரபரப்பாக இருப்பது சில மாதங்கள்தான். அந்த மண்டிகளுக்கு அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் கிரேட்டும் விற்றுவந்த ஒருவர், போதும் என்று கடையை மூடிவிட்டு இடத்தை வாடகைக்கு விட்டார். சாஃப்ட்வேர் மட்டும் அவரை விடவில்லை. என் மேசையில் உட்கார்ந்து இருவரும் அந்த ஆப்பைத் துழாவினோம். திட்டத்தை உயர்த்த பட்டன் இருக்கிறது, பக்கத்துக் கிளைக்கு இன்னொரு லைசென்ஸ் வாங்க பட்டன் இருக்கிறது, நிறுத்த மட்டும் எங்கும் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் புகாருக்கு ஒரு டிக்கெட் நம்பர் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு அம்மா கூப்பிட்டு, மூன்று மாதம் இலவசமாகத் தருகிறோம், தொடருங்கள் என்றார். கடையே இல்லையே அம்மா என்று இவர் சொன்ன பிறகுதான் ஒப்பந்தம் வெளியே வந்தது. புதுப்பிக்கும் தேதிக்கு அறுபது நாள் முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டுமாம். அந்தத் தேதி கடந்துவிட்டதால் அடுத்த ஆண்டுக்கும் பணம் கட்ட வேண்டுமாம், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

பணம்கூடப் பரவாயில்லை என்பேன். கணக்கு உள்ளே மாட்டிக்கொள்வதுதான் பெரிய தலைவலி. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, அந்த ஆண்டின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குப் புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கடையை மூடினாலும் பழைய ஆண்டுகளுக்கு நோட்டீஸ் வரலாம். சந்தா நின்ற மறுநாளே லாகினைப் பூட்டிவிட்டால் அந்த மனிதர் எதைக் காட்டுவார்? கெஞ்சிக் கேட்டால் பில்களை ஒவ்வொன்றாக பிடிஎஃப்பில் இறக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். எக்செல்லில் கொடுத்தால் நாளைக்கே வேறு சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொள்வார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. ஜிஎஸ்டி பதிவையே ரத்து செய்ய அரசாங்கம் ஆன்லைனில் ரெக்-16 என்று ஒரு படிவம் வைத்திருக்கிறது. ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கைப் போட்டுவிட்டால் ஆயிற்று. வரித்துறையே போகவிடும் ஆளை, பில் போடும் சாஃப்ட்வேர் பிடித்து வைத்துக்கொள்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணையத்தில் வாடிக்கையாளரை மடக்கும் 13 உத்திகளைத் தடை செய்கின்றன. அவற்றில் சந்தாப் பொறியும் ஒன்று. நிறுத்தும் வழியை ஒளித்து வைப்பது, அதைச் சுற்றி வளைத்துச் சிக்கலாக்குவது எல்லாம் அதற்குள் வரும். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பவர் தன் பிழைப்புக்காக வாங்கும் பொருளுக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனியோ ஜிஎஸ்டி பில்லில் சேவை என்று போட்டு அனுப்புகிறது. ஆக, வீட்டில் படம் பார்க்கச் சந்தா கட்டியவர் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் போட்டுப் புகார் சொல்லலாம். சந்தைப்பேட்டையில் தனியாளாக மளிகைக் கடை நடத்துபவர், தான் நுகர்வோர்தான் என்று முதலில் வாதாடி நிரூபிக்க வேண்டும். ஐந்து கிளை வைத்திருக்கும் கம்பெனியும் அவரும் ஒன்றா?

ஐரோப்பாவில் இப்படி விடவில்லை. அங்கே 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம் வியாபார வாடிக்கையாளர்களுக்கும் பொருந்துகிறது. வேறு கம்பெனிக்கு மாற நினைப்பவரிடம் இரண்டு மாதத்துக்கு மேல் முன்னறிவிப்பு கேட்கக்கூடாது, அவருடைய தரவை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்கென்று தனிக் கட்டணமும் வாங்கக்கூடாது. நம் ஊரில் ஜிஎஸ்டி கட்டாயத்தால்தான் சின்னக் கடைகள்கூட இந்தச் சாஃப்ட்வேர்களை வாங்கின. அப்படியிருக்க, குறைந்தபட்சம் அந்த 72 மாதங்களுக்காவது பழைய கணக்கைப் பார்க்கவும் எக்செல்லில் எடுக்கவும் இலவசமாக அனுமதிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போடலாம். சந்தாப் பொறி விதியைச் சிறு வியாபாரிகளுக்கும் நீட்டிக்கலாம். மாவட்டத் தொழில் மையமும் வணிகர் சங்கங்களும் இந்தக் கோரிக்கையை எழுத்தில் அனுப்பினால் நல்லது.

அதுவரை வியாபாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் அந்த அனுமதியை நாமே ரத்து செய்யலாம். ஆனால் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபியோ பின் நம்பரோ கேட்க மாட்டார்கள். ஆண்டுச் சந்தா பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. இங்கிலீஷில் வரும் அந்த எஸ்எம்எஸ் கடைக் கூட்டத்தில் யார் கண்ணில் படும்? இன்னொன்று, ஆட்டோபேயை நிறுத்தினால் பணம் போவது நிற்குமே தவிர ஒப்பந்தம் முடிந்துவிடாது. பாக்கி என்று நோட்டீஸ் அனுப்புவார்கள். நிறுத்துகிறேன் என்று கெடுவுக்குள் இமெயிலும் ஸ்பீட் போஸ்டில் கடிதமும் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். அதை அனுப்புவதற்கு முன்பே விற்பனை, கொள்முதல், இருப்பு, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் இறக்கி, பென் டிரைவில் ஒரு பிரதியும் கணக்கு பார்ப்பவரிடம் ஒரு பிரதியும் கொடுத்துவிடுங்கள். கடிதம் போன பிறகு லாகின் திறக்கும் என்று நம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
வரிக் கணக்காளர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.