மஞ்சள் நீராட்டுக்கு வந்தவர்களுக்கும் வர முடியாதவர்களுக்கும்

அன்புடையீர்,

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளுக்குத் தண்ணீர் ஊற்றினோம். வயது பதினான்கரை. “ஏன் இவ்வளவு தாமதம்?” என்று பந்தியில் கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பிவிட்டேன். காரணம் தெரிந்த உங்களுக்குத்தான் இந்த மடல்.

எட்டு வயதில் இதய மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவள் 16 கிலோ. தின்றதெல்லாம் மூச்சு வாங்கவே செலவான பிள்ளை. புது இதயம் வந்ததும் மளமளவென்று வளர்வாள் என்று நினைத்தோம். உடம்பு அந்த இதயத்தை எதிர்க்காமலிருக்கக் கொடுத்த ஸ்டீராய்டு, முகத்தை உப்ப வைத்து உயரத்தைப் பிடித்து நிறுத்தியது. கதவு நிலையில் அவள் அப்பா போட்ட பென்சில் கோடுகள், முதல் இரண்டு வருடம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன.

அந்த ஸ்டீராய்டைப் பார்த்துப் பார்த்துக் குறைத்து நிறுத்திய டாக்டர்களுக்கு முதல் நன்றி. மாத்திரைகளை அவள் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தது தெரிந்த நாளில், “திட்டாதீங்கம்மா” என்று என்னை அடக்கிவிட்டு அலாரத்தை அவள் கையிலேயே கொடுத்த நர்ஸ் அக்காவுக்கு அடுத்தது.

பதின்மூன்று முடிந்தும் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. ஹார்மோன் டாக்டரம்மா இடது கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். “எலும்புக்கு இன்னும் பதினொன்றுதான் ஆகிறது. வளர இடமிருக்கிறது, பொறுங்கள்” என்றார். என் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்த வார்த்தை அது. இதயத்தை உடம்பு எதிர்க்காமலிருக்க அவள் சாப்பிடும் மைக்கோஃபினோலேட் என்ற மருந்து கருவைப் பாதிக்கும், பின்னாளில் குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே மருந்தை மாற்ற வேண்டும் என்பதையும் அவளிடமே பக்குவமாகச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

பி.டி. சார், மாற்று இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் துடிப்பு மெதுவாகத்தான் ஏறும் என்று நான் ஒருமுறை சொன்னதுதான். அன்றிலிருந்து மற்ற பிள்ளைகளுக்கு முன்பே அவளை நடக்க விட்டுத் தயார்படுத்துகிறீர்கள். தையல்கார அக்கா, பாவாடை ஓரத்தில் நீங்கள் மடித்து வைத்த மூன்று அங்குலத்தைப் போன வருடம்தான் பிரித்தோம்!

அப்புறம் பெரிய நாத்தனார். ருதுவான பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தே ஆகவேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தார். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்புக்குப் பச்சை முட்டை ஆகாது. சண்டை முற்றுவதற்குள் கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டி, பாட்டி கையாலேயே ஊட்ட வைத்தீர்கள் அண்ணி. தம்பி, நீ ஓலை கட்டியதோடு, சளி இருமலோடு வந்தவர்களை வாசலிலேயே உட்கார வைத்தாயே, அதுதான் தாய்மாமன் சீர்.

வர முடியாதவர்கள் என்றது உங்களை. உங்கள் ஊர், பெயர் எதுவும் எங்களுக்குத் தெரியாது. 2008-இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்ததும், அந்த இதயம் 11 நிமிடத்தில் சென்னை முகப்பேர் மருத்துவமனைக்குப் போய் ஒன்பது வயதுச் சிறுமிக்குச் சேர்ந்ததும் செய்தியில் வந்தபோது எனக்குக் கல்யாணமான புதிது. யாரோ பெரிய மனசுக்காரர்கள் என்று நினைத்ததோடு சரி. பத்து வருடம் கழித்து நீங்கள் அதையே எங்களுக்குச் செய்தீர்கள்.

போன மாத எக்கோவில் அளந்து காட்டினார்கள். உங்கள் பிள்ளையின் இதயமும் அவளோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. அவள் உயரம் இன்று 147 சென்டிமீட்டர். உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அவள் அம்மா