20 நம்பர் டோக்கனும் 24 பிட்டும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

எல்லாத்தையும் கம்ப்யூட்டர்கிட்ட விட்டுட்டா தப்பே நடக்காதுங்கற மாதிரி போன இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. எழுதினவர் எங்க தென்னாப்பிரிக்கால ப்ரீபெய்ட் கரண்ட் மீட்டர் வச்ச வீட்ல இருந்ததில்ல போலருக்கு.

இங்க காசு கட்டினா 20 நம்பர்ல ஒரு டோக்கன் தருவாங்க, அத மீட்டர்ல அமுக்கினா யூனிட் ஏறும். ஒரே டோக்கன ரெண்டு தடவ போட்டுடக் கூடாதுன்னு அதுக்குள்ளயே அத அடிச்சுக் குடுத்த நேரமும் இருக்கு, 1993 ஜனவரி 1ல இருந்து எத்தன நிமிஷம் ஆச்சுங்கற கணக்கு. அதுக்கு ஒதுக்கினது 24 பிட் (0 இல்லன்னா 1 போடற 24 எடம்), அதாவது 1,67,77,216 நிமிஷம், 32 வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. 2024 நவம்பர் 24ல அது தீந்துபோய் திரும்ப பூஜ்யத்துக்கு வந்துடுச்சு. உள்ள இருக்கற கணக்க மாத்தாத மீட்டருக்கு அதுக்கப்புறம் வாங்கற டோக்கன் எல்லாமே பழசாத்தான் தெரியும், ஏத்துக்காது.

டிசைன் பண்ணவங்கள முட்டாள்னு சொல்ல மாட்டேன். கையால அமுக்கறதுன்னா நம்பர் நீளக்கூடாது, 20 நம்பருக்குள்ள 66 பிட்தான் அடங்கும், அதுலயே யூனிட்டுக்கு 16, தப்பா அமுக்கினா கண்டுபிடிக்க 16னு போயிடுது, மிச்சத்துல 24 குடுத்ததே பெருசு. ஆனா இந்த மீட்டர் எங்க அத்தன வருஷம் ஓடப்போகுதுன்னு ஒரு நெனப்பு பாருங்க, அதத்தான் சொல்றேன். ஓடுச்சே! வேற நாட்டுக்கெல்லாம் போச்சு. கடைசில வீடு வீடா ஒவ்வொரு மீட்டர்லயும் கணக்க மாத்த வேண்டியதாப் போச்சு, மாத்தறதுன்னா ரெண்டு ஸ்பெஷல் டோக்கன், 40 நம்பர், ஒண்ணுகூட தப்பாம. சாட்ஸ்வொர்த்ல எங்க பக்கத்து வீட்டு ஆயாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, தெருப் பசங்கதான் போய் அமுக்கிக் குடுத்தாங்க. கட்டுரைல சொன்ன சிஸ்டத்துல இந்தப் பசங்களுக்கு எங்க எடம் இருக்கு?

இங்கயாவது மீட்டர் டோக்கன ஏத்துக்கலன்னா உடனே தெரிஞ்சிடும். இங்கிலாந்து போஸ்ட் ஆபீஸ்ல ஹொரைசன்னு ஒரு சாஃப்ட்வேர், பணம் குறையுதுன்னு அது காட்டினத நம்பி, பல வருஷமா கிளை போஸ்ட் ஆபீஸ் நடத்தினவங்க 900 பேருக்கு மேல குத்தவாளி ஆக்கிட்டாங்க (அதுல நம்ம இந்தியாக்காரங்களும் இருந்தாங்க). சாஃப்ட்வேர்லதான் கோளாறுன்னு கதறினவங்கள யாரும் கேக்கல.

இன்னொண்ணு, புதுக் கணக்கு 2014ல இருந்து ஆரம்பம், பிட் அதே 24தான். 2045 நவம்பர்ல திரும்ப வரும். அடுத்த தடவ இந்த மாதிரி கட்டுரை போட்டா, இது எப்ப தீரும், தீந்தா மாத்தறது யாருன்னு அவர்கிட்ட கேட்டுப் போடுங்க.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர், டர்பன்