ரயில் ஒன்று, பாடம் மூன்று

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். துணை லோகோ பைலட் தேர்வின் இரண்டாம் கட்டத்துக்கு அடிப்படை அறிவியலைத் திரும்பப் படிக்க வேண்டும், டிப்ளமோவில் படித்ததில் பாதி மறந்துவிட்டது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். பாடத்திட்டத்தில் நிறை, எடை, அடர்த்தி ஒரு வரி. வேலை, திறன், ஆற்றல் ஒரு வரி. வேகம், திசைவேகம் ஒரு வரி. வெப்பம், வெப்பநிலை ஒரு வரி. நீ அப்படிப் பிரித்துப் படிக்காதே. ஒரே ஒரு ரயிலை எடுத்துக்கொள். அது கிளம்பி, வேகம் பிடித்து, மலை ஏறி, இறங்கி, பிரேக் போட்டு நிற்கும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே போ. எந்த இடத்தில் எந்தச் சூத்திரம் என்ற குழப்பம் தானாகப் போய்விடும்.

நம் ரயிலுக்கு டபிள்யூ.ஏ.பி. 7 மின்சார இன்ஜின். அதன் நிறை 123 டன். பெட்டிகளையும் சேர்த்து மொத்தம் 1000 டன் என்று வைத்துக்கொள்வோம், அதாவது பத்து லட்சம் கிலோ. இது நிறை. எடை என்பது 9.8-ஆல் பெருக்கி வரும் 98 லட்சம் நியூட்டன், அதாவது 9800 கிலோநியூட்டன். விசைக் கணக்கில் கிலோவை அப்படியே போட்டுவிட்டால் விடை பத்து மடங்கு பிசகும். கேள்வி தயாரிப்பவர்கள் அந்தப் பிசகிய விடையையும் நான்கில் ஒன்றாகக் கொடுத்திருப்பார்கள். தவறான ஒவ்வொரு விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிவதால் இது சின்ன விஷயமில்லை.

வேகத்தை மீட்டருக்கு மாற்ற 5/18-ஆல் பெருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். தேர்வு அறையில் அதற்குக்கூட நேரம் செலவழிக்காதே. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர், 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25, 108 என்றால் 30. இந்த ஐந்தும் மனப்பாடமாக இருக்கட்டும். போகும்போது 60, திரும்பும்போது 40 என்றால் சராசரி 50 இல்லை, 48. மெதுவாக வந்த பாதியில் அதிக நேரம் போகிறது. பிளாட்பாரத்தைக் கடக்கும் ரயில் கணக்குகளை நீ நன்றாகவே போடுவாய், அதை விடு.

ரயில் கிளம்பட்டும். இன்ஜின் எவ்வளவு இழுக்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்வது மோட்டார் இல்லை, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள பிடிப்பு. காய்ந்த இரும்பில் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.25 முதல் 0.3 வரை இருக்கும். இன்ஜினின் எடை 1205 கிலோநியூட்டன். 0.27-ஆல் பெருக்கினால் 325 வருகிறது. இந்த இன்ஜினின் தொடக்க இழுவிசையாகக் குறிக்கப்படுவதும் 320 கிலோநியூட்டனை ஒட்டித்தான். அதற்கு மேல் முறுக்கினால் சக்கரம் அதே இடத்தில் சுழலும். மழைத் தூறல் விழுந்தாலோ தண்டவாளத்தில் எண்ணெய் இருந்தாலோ குணகம் சரிந்துவிடும். அப்போது சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுகிறார்கள். அந்தப் பெட்டியில் காய்ந்த மணல் இருக்கிறதா என்று பார்ப்பது நாளைக்கு உன் வேலையாக இருக்கும், அதனால் இதைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதே.

320-ல் உருளும் தடைக்கு 20 போக 300 கிலோநியூட்டன் மிச்சம். பத்து லட்சம் கிலோவால் வகுத்தால் முடுக்கம் 0.3 மீ/வி². இங்கே பலர் விழும் குழி ஒன்று: இன்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே உள்ள கப்ளிங்கில் 300-ம் இருக்கும் என்று எழுதிவிடுவார்கள். இல்லை. கப்ளிங் இழுப்பது பின்னால் இருக்கும் 877 டன்னை மட்டும்தான். தடையை ஒதுக்கிவிட்டால் 877-ஐ 0.3-ஆல் பெருக்கி 263. மீதி 37 இன்ஜின் தன்னையே முடுக்கிக்கொள்ளச் செலவாகிறது. நடுவில் எந்தக் கப்ளிங்கைக் கேட்டாலும் அதற்குப் பின்னால் உள்ள நிறையை மட்டும் பார்.

இப்போது திறன். திறன் என்பது விசையைத் திசைவேகத்தால் பெருக்கி வருவது. இந்த இன்ஜினுக்கு ஏறத்தாழ 4500 கிலோவாட். ஆறாயிரம் குதிரைத்திறன் என்பதை 746-ஆல் பெருக்கிப் பார். 4500-ஐ 320-ஆல் வகுத்தால் 14 மீ/வி, மணிக்கு 50 கிலோமீட்டர். அதுவரைதான் முழு இழுவிசை. அதற்கு மேல் வேகம் கூடக்கூட விசை குறையும். 90 கிலோமீட்டரில் 4500-ஐ 25-ஆல் வகுத்து 180 கிலோநியூட்டன்தான் கிடைக்கும். ஆகவே நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வரை முடுக்கம் சீரானது. 47 நொடி, 327 மீட்டர் என்று இயக்கச் சமன்பாடுகளைக் கொண்டு சொல்லிவிடலாம். அதற்கு அப்பால் அந்தச் சமன்பாடுகள் செல்லாது. அந்த மூன்று சமன்பாடுகளும் சீரான முடுக்கத்துக்கு மட்டுமே என்ற நிபந்தனை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. யாரும் நின்று படிப்பதில்லை.

வளைவு வந்தால் மையநோக்கு விசை. வெளித் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு ரயில்வேயில் ஒரு சூத்திரம் உண்டு: 1750-ஐ வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வளைவு ஆரத்தின் 127 மடங்கால் வகுக்க வேண்டும். வேகம் கிலோமீட்டரில், ஆரம் மீட்டரில், விடை மில்லிமீட்டரில். 875 மீட்டர் ஆர வளைவில் 100 கிலோமீட்டருக்கு 157 மில்லிமீட்டர் வரும். அந்த 127 எங்கிருந்து வந்தது என்று பயப்படாதே. 9.8-ஐ 3.6-இன் வர்க்கத்தால் பெருக்கு, 127 வந்துவிடும். பள்ளியில் படித்த அதே வளைவுப் பாதைக் கணக்குதான், கிலோமீட்டர் சட்டை போட்டு வந்திருக்கிறது.

ரயில் 90-ஐத் தொட்டுவிட்டது. இயக்க ஆற்றல்: நிறையில் பாதி, திசைவேகத்தின் வர்க்கம். 312.5 மெகாஜூல். நம் வீட்டு மின்கட்டண யூனிட் ஒன்று 3.6 மெகாஜூல், ஆக 87 யூனிட். வேகம் 108 ஆனால் 450 மெகாஜூல், 125 யூனிட். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. ஆற்றல் 44 சதவீதம் கூடிவிட்டது. நிற்கும் தூரமும் அதே விகிதத்தில் கூடும். பிரேக் 0.5 மீ/வி² என்ற அளவில் வேகத்தைக் குறைக்கிறது என்றால் 90-லிருந்து நிற்க 625 மீட்டர், 108-லிருந்து 900 மீட்டர். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: பிரேக் விசை 500 கிலோநியூட்டன், தூரம் 625 மீட்டர், பெருக்கினால் அதே 312.5 மெகாஜூல். இயக்கச் சமன்பாட்டில் ஒருமுறை, ஆற்றலில் ஒருமுறை என்று இரண்டு வழியிலும் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் உன் விடையை நீயே நம்பலாம்.

உண்மையில் தூரம் இதைவிட நீளும். பிரேக் பைப்பில் இருக்கும் காற்றின் அழுத்தத்தை, சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ, குறைத்தால்தான் பிரேக் பிடிக்கும். அந்தக் குறைவு கடைசிப் பெட்டிவரை போய்ச் சேர நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஒவ்வொரு நொடிக்கும் 25 மீட்டர் ஓடிவிடுகிறது. இன்னொன்று: சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் சீக்கிரம் நிற்கும் என்று தோன்றும். நேர்மாறு. உருளும் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவற்று இருக்கிறது, அங்கே இருப்பது நிலை உராய்வு. பூட்டிக்கொண்டால் அது வழுக்கும் உராய்வாகிறது, அது குறைவு. தூரமும் கூடும், சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் தட் தட் என்று தண்டவாளத்தை அடித்துக்கொண்டே வரும்.

இனி மலை. 100-க்கு 1 சரிவில், அதாவது 100 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் ஏறும் பாதையில், ரயிலைக் கீழே இழுக்கும் விசை எடையில் நூறில் ஒரு பங்கு, 98 கிலோநியூட்டன். 90 கிலோமீட்டரில் நம்மிடம் இருந்த 180-ல் பாதிக்கு மேல் போயிற்று. மும்பை–புனே பாதையில் கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் நடுவே போர் காட் மலைப்பாதையில் சரிவு 37-க்கு 1. 9800-ஐ 37-ஆல் வகு: 265. தொடக்க இழுவிசையான 320-லேயே மிச்சம் 55தான், அதிலும் உருளும் தடையைக் கழிக்க வேண்டும். மழை பெய்தால் கதை முடிந்தது. அதனால்தான் கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ள பேங்கர் இன்ஜின்களைச் சேர்க்கிறார்கள். நீலகிரி ரயிலில் சரிவு 12-க்கு 1 வரை போகிறது. அங்கே வழுவழுப்பான சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்ப முடியாது. கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவில் பல்சட்டம் போட்டிருக்கிறார்கள். இன்ஜின் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது, கப்ளிங் அறுந்தாலும் பெட்டிகள் அதன் மேல்தான் சாயும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் இயற்பியல் அதிகம், இதை நிதானமாகப் படி. எல்.எச்.பி. என்ற வகைப் பயணிகள் பெட்டி ஒன்று ஆட்களோடு 50 டன், எட்டு பிரேக் தட்டுகள், ஒரு தட்டு 100 கிலோ என்று கணக்குக்கு வைத்துக்கொள். வார்ப்பிரும்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு, டிகிரிக்கு 460 ஜூல். 90-லிருந்து ஒருமுறை நிறுத்தினால் பெட்டியின் 15.6 மெகாஜூல் எட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு தட்டும் ஏறத்தாழ 42 டிகிரி சூடேறும். பயமில்லை. அதே பெட்டி 550 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கிலேயே இறங்கினால்? நிலை ஆற்றல் 269.5 மெகாஜூல். தட்டுக்கு 33.7. வெப்பம் வெளியே போகாவிட்டால் 730 டிகிரி உயரும், தட்டு செக்கச்செவேலென்று பழுத்துவிடும். நடைமுறையில் காற்று வெப்பத்தைக் கொண்டுபோகும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். மெதுவாக இறங்கினால் மொத்த வெப்பம் குறைவதில்லை, அதே ஆற்றல்தான். ஒரு நொடிக்கு வரும் வெப்பம் குறைகிறது. ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த வெப்பத்தை வீணாக்காமல் இருக்கவும் வழி உண்டு. இந்த வகை இன்ஜின்களில் இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை மேலே உள்ள 25 கிலோவோல்ட் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். 1000 டன் 550 மீட்டர் இறங்கினால் கணக்குப்படி 1500 யூனிட். அத்தனையும் திரும்பாது. தடைகள், இழப்புகள் ஒரு பக்கம். மறுபக்கம், இந்த முறையில் பிடிப்பது இன்ஜினின் சக்கரங்கள் மட்டுமே, ஆகவே முன்னால் சொன்ன பிடிப்பின் எல்லை இங்கேயும் உண்டு.

உராய்வினால் வெப்பம் வருகிறது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். வெப்பம் என்பது பொருளுக்குள் அடைபட்டிருக்கும் ஒரு பாய்மம் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். மியூனிக்கில் பீரங்கிக் குழாயைக் குடையும்போது, குடையக் குடைய வெப்பம் தீராமல் வந்துகொண்டே இருப்பதை ரம்ஃபோர்டு 1798-ல் எடுத்துச் சொன்னார். அடைபட்ட பொருள் என்றால் தீர்ந்திருக்க வேண்டுமே? பிறகு 1840-களில் ஜூல், எடைகளை இறங்கவிட்டுத் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்று அளந்தார். ஒரு கலோரிக்கு 4.18 ஜூல் என்று இன்று எழுதுகிறோம். மலை இறங்கும் ரயிலின் பிரேக் தட்டில் நடப்பது ஜூலின் சோதனையேதான்: எடை இறங்குகிறது, இரும்பு சூடேறுகிறது.

வெப்பநிலையும் வெப்பமும் ஒன்றல்ல. தட்டும் ஒரு தீப்பொறியும் ஒரே டிகிரியில் இருக்கலாம், தீப்பொறியிடம் ஆற்றல் அற்பம். உள்ளுறை வெப்பத்துக்கு நீலகிரியின் நீராவி இன்ஜினை நினைத்துக்கொள்: 30 டிகிரித் தண்ணீர் ஒரு கிலோவை 100 வரை கொண்டுபோக 293 கிலோஜூல், 100-லேயே நீராவியாக்க 2260. கொதிகலனுக்குள் அழுத்தம் அதிகம், அதனால் கொதிநிலை 100-க்கு மேல். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். இந்தப் பகுதி உனக்குக் கடினமாக இருக்காது.

கடைசியாகத் தண்டவாளம். எஃகின் நீள் விரிவுக் குணகம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12. 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் 6.2 மில்லிமீட்டர் நீளும், இடைவெளி விடுவது அதற்காக. இதுவரை எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் இன்று நீளமாகப் பற்றவைத்த தண்டவாளத்தில் இடைவெளி எங்கே? நடுப்பகுதி நீளவே இல்லை. கட்டைகளும் ஜல்லியும் பிடித்து வைத்திருக்கின்றன. நீள முடியாத இரும்புக்குள் விசை ஏறுகிறது. மீட்டருக்கு 60 கிலோ நிறையுள்ள தண்டவாளத்தின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 7690 சதுர மில்லிமீட்டர். 30 டிகிரி ஏறினால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 72 நியூட்டன், மொத்தம் ஏறத்தாழ 56 டன் எடைக்குச் சமமான அமுக்கு விசை. சித்திரை வெயிலில் ஜல்லி தளர்ந்த இடத்தில் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடுவது இதனால்தான். நிழலில் 40 டிகிரி என்றால் வெயிலில் கிடக்கும் தண்டவாளம் 60-ஐத் தொடும், அதனால் கணக்கில் காற்றின் வெப்பநிலையைப் போடாதே. வேறுபாடு மட்டும் கேட்டால் செல்சியஸும் கெல்வினும் ஒன்றே. 273 கூட்டி மெனக்கெட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இதே ரயிலை 1200 டன்னாக்கி, 110 கிலோமீட்டர் வேகத்தில், எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பார். பிறகு இது: 4500 டன் சரக்கு ரயில் 200-க்கு 1 சரிவில் 54 கிலோமீட்டரில் மாறாத வேகத்தில் இறங்குகிறது. உருளும் தடையை விட்டுவிடு. பிரேக் விசை எவ்வளவு, நொடிக்கு எத்தனை ஜூல் வெப்பம்? விடையை வழியோடு எழுதிப் படம் எடுத்து அனுப்பு. அலகு எழுதாத வரி இருந்தால் சிவப்பு மையில் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
அப்பா