எலிக்கு நடந்தது எலிக்குத்தான்

ஆசிரியருக்கு,

ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மற்றதில் கட்டி வேகமாக வளரும் என்று உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். தகவல் தப்பில்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது.

விலங்குகளை வைத்து ஆய்வு செய்யும் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு சிறுநீரகத்தை எடுத்த எலியைச் சில வாரம் கழித்துப் பார்த்தால், மிச்சமிருக்கும் சிறுநீரகம் கண்ணுக்கே பெரிதாகத் தெரியும். தராசில் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு எடை கூடியிருக்கும். இரத்த ஓட்டம் அதிகரிக்கிறது, செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் சுரக்கின்றன, செல்கள் பருக்கின்றன, கொஞ்சம் பெருகவும் செய்கின்றன. ஏற்கெனவே மரபணு கெட்ட செல் அங்கே இருந்தால் அதற்கும் இதே உந்துதல் கிடைக்கும். புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமீன் ரசாயனம் கொடுத்து, ஒரு சிறுநீரகத்தையும் எடுத்த எலிகளில் கட்டிகள் கூடியது இப்படித்தான்.

சரி, இதை மனிதருக்கு அப்படியே பொருத்தலாமா? அந்த எலிகளுக்குக் கடுமையான ரசாயனம் கொடுத்திருந்தார்கள். சிறுநீரகம் தானம் செய்பவரோ முழுப் பரிசோதனை முடிந்து, ஆரோக்கியமானவர் என்று உறுதியான பிறகே தானம் செய்கிறார். சிறுநீரகத்தில் கட்டி வந்த நோயாளிக்கும், சிறிய கட்டி என்றால் முடிந்தவரை அதை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதும் இன்று வழக்கம்.

தானம் செய்ய நினைத்திருந்த ஒருவர் இந்தத் தலைப்பைப் பார்த்துப் பின்வாங்கினால், காத்திருக்கும் நோயாளியின் கதி என்ன? இது ரசாயனம் கொடுத்த எலிகளில் கண்டது என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள்.

ஒரு வாசகர்