அப்பாக்கள் மன்றம், திருப்பூர்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள், முதல்முறையாக நம் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் வீட்டார் அனைவருக்கும் வணக்கம்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் கூடும் வழக்கம் இந்த ஆண்டு ஒருமுறைதான் தவறியது. அது அக்டோபரில், தீபாவளி நெருக்கத்தில். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் பேச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாடியில் பேசியது மாடியோடு என்பது நம் விதி. இங்கே வருகிறவற்றை உரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த அளவுக்கே எழுதியிருக்கிறேன்.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மண்டபத்தில் மைக் வைத்துக் கூடினோம். மைக்கைப் பிடித்தவர்கள் பிள்ளைகளின் மார்க்கையும் ஃபீஸையும் பேசிவிட்டு உட்கார்ந்தார்கள். மார்ச் முதல் தலைவர் வீட்டு மொட்டைமாடிக்கு மாறினோம். பாய் விரித்து, படிக்கட்டு லைட்டை மட்டும் எரியவிட்டோம். முகம் அரைகுறையாகத் தெரிகிற அந்த வெளிச்சத்தில் ஆட்கள் வாய் திறந்தார்கள். பேசுகிறவர் “என்ன பண்ணலாம், சொல்லுங்க” என்று கேட்கிறவரை யாரும் யோசனை சொல்லக் கூடாது என்ற விதியும் அப்போது வந்ததுதான். இதைக் காப்பது கடினமாக இருந்தது. “அடிச்சு வளர்த்தாத்தான் உருப்படும்” என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு மன்றத்தின் நன்றி.

ஆண்டின் பெரிய திருப்பம் வெளியிலிருந்து வந்தது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த பனியன் கம்பெனிகளில் ஓவர்டைம் நின்றது. ஒன்றரை ஷிப்டு, இரண்டு ஷிப்டு ஓடிக்கொண்டிருந்த நம்மவர்கள் ஒரு ஷிப்டோடு சாயங்காலமே வீடு திரும்பினார்கள். சிலருக்கு வாரத்தில் நாலு நாள்தான் வேலை. சனிக்கிழமைச் சம்பளக் கவர் மெலிந்தது. கூட்டத்துக்கு ஆள் குறையும் என்று நினைத்தேன். செப்டம்பரில் பாய் போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கி விரித்தோம்.

அந்தக் கூட்டத்தில் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். நான் கட்டிங் மாஸ்டர். இரவு ஒன்பதரைக்கு வீடு சேர்வதுதான் என் வழக்கம். அப்போது பிள்ளைகள் படுத்திருப்பார்கள். வேலை குறைந்த முதல் வாரத்தில் ஒருநாள் ஆறு மணிக்குள் தெருமுனை திரும்பினேன். வீட்டிலிருந்து டிவி சத்தமும் சிரிப்பும் தெருவரை கேட்டது. என் வண்டிச் சத்தம் நெருங்கியதும் டிவி நின்றது. சிரிப்பும் நின்றது. உள்ளே போனபோது மகனும் மகளும் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்கள். மகன் புத்தகம் தலைகீழாக இருந்தது.

என் அப்பா வந்தால் நாங்களும் அப்படித்தான் அடங்குவோம். அதை மரியாதை என்று இத்தனை காலம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். அன்றைக்குத்தான் என் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தேன். அது பயம். இரண்டு வருஷம் முன்பு செல்போனுக்காக மகனை பெல்ட்டால் அடித்தேன். அதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. செப்டம்பர் கூட்டம் முடிந்த ராத்திரி கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். வண்டிச் சத்தம் கேட்டால் இப்போதும் சில நாள் டிவி நிற்கிறது.

நான் முடித்ததும் தேனிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் பேசினார். கணவன் மனைவி இருவருக்கும் கம்பெனி வேலை. வாடகை அறையில் குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டிருக்கிறார்கள். நம்மில் பலர் நிலை இதுவே. அந்தப் பையன் தாத்தாவை “அப்பா” என்கிறான். இவரைத் “திருப்பூர் அப்பா” என்கிறான். வேலையில்லாத நாட்களில் ஊருக்குப் போய் நாலு நாள் பையனோடு இருந்தார். “அவனுக்கு இட்லிக்குச் சட்னி புடிக்காது, சீனிதான் வேணும்னு எனக்குத் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். யாரும் யோசனை சொல்லவில்லை.

நவம்பரில் இளைய உறுப்பினர் ஒருவர் தன் கதையைச் சொன்னார். குழந்தை பிறந்த மூன்றாம் நாளே அவர் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தாராம். மத்திய அரசு ஊழியருக்கு மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் சம்பள விடுப்பு உண்டு. ஷிப்டுக் கணக்கில் சம்பளம் வாங்கும் நமக்கு நின்ற நாள் போன நாள். அவருக்குச் சில மாதம் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை, குழந்தையைத் தூக்கவே பயம். இது பெண்களுக்கு மட்டும் வருவதில்லை. குழந்தை பிறந்த காலத்தில் பத்தில் ஒரு அப்பாவுக்கும் மனச்சோர்வு வருவதாக 2010இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதைப் படித்துக் காட்டியபோது, “அப்ப நான் கெட்டவன் இல்லீங்களாண்ணா?” என்று கேட்டார். மனநல உதவிக்கு அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணையும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயும் மாடிப்படிச் சுவரில் பெயின்டால் எழுதியிருக்கிறோம்.

டிசம்பரில் வீட்டுப் பெண்களை அழைத்தோம். ஒரு தங்கச்சி எழுந்து, “மாடியில மனசு விட்டுப் பேசறது சந்தோசமுங்க. கீழ வந்து சாப்பிட்ட தட்டக் கழுவறதில்லையே” என்றார். சரியான கேள்வி, பதில் யாரிடமும் இல்லை. பிறகு அவர்களே ஒரு தாள் கொடுத்தார்கள். பிள்ளை படிக்கும் பிரிவு, வகுப்பு டீச்சர் பெயர், நெருங்கிய நண்பன் பெயர், செருப்பு அளவு, கடைசியாகக் காய்ச்சல் வந்த மாதம். தாளை முழுதாக நிரப்பியவர் ஒருவர் மட்டுமே. மனைவி இறந்தபின் இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிற நம் அயர்னிங் அண்ணன். நான் நண்பன் பெயரிலும் செருப்பு அளவிலும் நின்றேன்.

குறைகளும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் தெருவிலேயே குடும்பத்தோடு இருக்கும் அப்பாக்களை நாம் அழைக்கவில்லை. குடியைப் பற்றி ஒரு கூட்டம்கூடப் பேசவில்லை. இரண்டுமுறை தொடங்கி, இரண்டுமுறையும் பேச்சை மாற்றிவிட்டோம். அதில் எனக்கும் பங்குண்டு.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள். ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் வீட்டாரோடு நடத்துவது. அன்று சமையலும் பாத்திரமும் ஆண்கள் பொறுப்பு. இரண்டு, ஆர்டர் திரும்பி ஓவர்டைம் வந்தாலும் வாரத்தில் ஒரு நாளாவது ஒரு ஷிப்டோடு வீடு திரும்புவதென உறுப்பினர்கள் அவரவர் மனைவி பிள்ளைகளிடம் நேரில் சொல்வது. வாரச் சம்பளத்தில் வாடகையும் சீட்டும் கட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும். ஆதலால் கட்டாயமாக்கவில்லை.

அடுத்த கூட்டம் இரண்டாம் ஞாயிறு மாலை, அதே மாடியில். பேசவேண்டியது குடி. பேச்சைத் தொடங்க நான் பெயர் கொடுத்திருக்கிறேன்.

செயலாளர்
திருப்பூர்