கன்றுக்குட்டிக்கு அளவு

மூஞ்சிக்கல், கொடைக்கானல்

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி, வழக்கம்போல. மூன்று வாரமாக நீ பேசவில்லை. மன்னவனூரில் டவர் கிடைத்திருக்காது என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று விடியற்காலையில் கடைப் படிக்கட்டில் காட்டுமாடு நின்றது. டவுனுக்குள்ளேயே இப்படி என்றால் உங்கள் பக்கம் சொல்லவே வேண்டாம். இருட்டில் தொழுவத்துக்குத் தனியாகப் போகாதே. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திற.

நீ அம்மாவிடம் பேசுவதெல்லாம் எனக்கும் கேட்கும். பேப்பர் படிக்கிற மாதிரி இருப்பேன், அவ்வளவுதான். பால் என்றால் பாக்கெட் என்று வளர்ந்த பிள்ளை, கட்டைவிரலை மடக்கிக் கறந்தால் காம்பு புண்ணாகும், முழுக்கையால்தான் கறக்கணும் என்கிறாய். முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டு, திரிதிரியாக வருகிறதா என்று பார்ப்பாயாமே. மடிநோய் அதில்தான் முதலில் தெரியுமாமே. அவர் சொல்லிக்கொடுத்தாராம். இங்கே ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால் அரை நாள் ஆக்குவாய்.

எம்.காம். படித்தது சாணி அள்ளவா என்று உன் பெரியப்பா கேட்டார். அந்தச் சாணியில் விளைகிற மலைப்பூண்டுக்குத்தான் 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், தெரியுமா என்று கேட்டு வாயை அடைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

செவலை இந்த மாதம் கன்று போடும் என்றாய். பேண்ட் தைக்க வந்த கால்நடை ஆய்வாளரிடம் விசாரித்தேன். 12 மணி நேரம் தாண்டியும் நஞ்சுக்கொடி விழவில்லை என்றால் கையால் இழுக்கக் கூடாதாம், கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்குப் போன் போடணுமாம். காது சில்லிட்டு, எழ முடியாமல் படுத்துவிட்டால் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே டாக்டர் வரணும். சீம்பாலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கன்றுக்குக் கொடுத்துவிடு. உனக்குத் தெரிந்திருக்கும். அவருக்கும் தெரிந்திருக்கும். சரி, இருக்கட்டும். டார்ச்சை மறக்காதே.

ஐப்பசியில் ஒரு நாள், பழனிக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மன்னவனூர் பஸ் ஏறினேன். 35 கிலோமீட்டர், வளைவு வளைவாக. ஆட்டுப் பண்ணை பார்க்க வந்த கூட்டத்தோடு நானும் இறங்கி, விசாரித்து நடந்து வந்தேன். ரோட்டிலிருந்தே தெரிந்தாய். குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கன்றின் வாயில் இரண்டு விரலைக் கொடுத்து, அது சப்பச் சப்ப, கையை மெதுவாக வாளிப் பாலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தாய். மூக்கு நனைந்ததும் தலையை உதறி உன் முகமெல்லாம் தெளித்தது. அவர் ஏதோ சொன்னார், நீ சிரித்தாய். கூப்பிட வாய் வரவில்லை. கல்யாணத்துக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுக்காதவன் எந்த முகத்தோடு வருவது? அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அந்தப் பச்சைத் துணி அலமாரியில் அப்படியே கிடக்கிறது, வெட்டவேயில்லை.

அப்புறம், மார்கழி உறைபனியில் பிறந்த கன்று நடுங்கும். பழைய கம்பளியை உள்ளே வைத்துச் சாக்கில் ஒரு சட்டை தைக்கலாம் என்றிருக்கிறேன். நெஞ்சுச் சுற்றளவு ஒன்று, கழுத்திலிருந்து வால் வரை நீளம் ஒன்று, இரண்டும் அங்குலத்தில் வேண்டும். மாப்பிள்ளை கன்றைப் பிடித்துக்கொள்ளட்டும், நீ டேப் வைத்துப் பார். கன்று விழுந்ததும் சொல், ராத்திரியானாலும் பரவாயில்லை. கடை நம்பர் மாறவில்லை.

அப்பா